தண்ணீர் ஒளிந்த சமையல்

"நான் மயங்கி விழவே இல்லை. உக்காந்தேன்" என்றார் சிவசண்முகம்.

"கத்திரிக்காய்க் கூடை மேலயா?" என்று கேட்டாள் அவர் மனைவி அன்னத்தாய்.

"பக்கத்துல வேற இடம் இல்லை."

டாக்டர் விஜயஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் கையிலிருந்து அவிழ்ப்பதில் மும்முரமானாள். காலையில் டவுண் மார்க்கெட்டில் காய் வாங்கப் போன இடத்தில்தான் அது நடந்தது. காய்க்காரம்மாள் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அங்கிருந்து அன்னத்தாய் வண்ணார்பேட்டையில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஐயா, காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"ஒரு காப்பி குடிச்சேன்."

"தண்ணி?"

"காப்பியில தண்ணி இல்லையாம்மா?"

"பாத்துக்கிடுங்க டாக்டர்" என்றாள் அன்னத்தாய். "பாபநாசம் அணையில வேலை பாத்த மனுசன். ஜில்லாவுக்கே தண்ணி தொறந்து விட்டவரு. சொந்தத் தொண்டைக்கு மட்டும் ஷட்டரை இறக்கி வச்சிருக்காரு."

"தாகம் எடுத்தா குடிக்க மாட்டேனா? எடுக்கலையே."

"வயசான உடம்புல தாகம் சரியா எடுக்காது ஐயா" என்றாள் டாக்டர். "உள்ள தண்ணி குறைஞ்சிருக்கும், ஆனா நாக்குக்குத் தகவல் வராது. தாகத்தை நம்பி இருக்காதீங்க. உங்களுக்குச் சுகர் இல்லை, இருதயமும் கிட்னியும் நல்லா இருக்கு. தண்ணிக்கு உங்களுக்கு ஒரு தடையும் கிடையாது."

அன்னத்தாயின் கையிலிருந்த போனில் அவர்கள் மகன் மகேஷ் புனேயிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வந்து ரெண்டு பேரையும் இங்கன கூட்டிட்டு வந்துருவேன். ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர் பாத்துட்டு என்கிட்ட சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா வீட்டைப் பூட்டிருவோம்."

சிவசண்முகத்துக்கு அது ஒரு மிரட்டலாகவே படவில்லை. புனேயிலும் பேப்பர் வரும், படிக்கலாம். அன்னத்தாய்க்குத்தான் அது பெரிய மிரட்டல். அவள் ஒருமுறை புனேயில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தவள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் அந்த ஒன்பதாவது மாடியில் அவளிடம் பேசியது லிஃப்ட்டில் இருந்த பெண்குரல் ஒன்றுதான். அதுவும் மாடி எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. இங்கே டவுணிலோ, பால்காரர் தொடங்கி பூக்காரி வரை ஒரு பெருங்கூட்டத்தோடு பேசி முடித்த பிறகுதான் அவள் குளிக்கவே போவாள். ஊரைவிட்டுப் போவதென்றால் அவளுக்கு வாயைத் தைத்துக்கொண்டு உட்காருவது மாதிரி.

அன்று மாலையிலிருந்தே டம்ளரும் செம்புமாக அவர் பின்னால் அலைந்தாள்.

"குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு."

மூன்றாம் நாள் மாடியில் துணி காயப்போடப் போனவள் கீழே இறங்கி வந்து, செம்போடு அவர் முன்னால் நின்றாள்.

"ராத்திரி மழை பெஞ்சுச்சாங்க?"

"இல்லையே."

"கறிவேப்பிலைத் தொட்டியில தண்ணி தேங்கி நிக்கு."

"பனியா இருக்கும்."

"சித்திரை மாசத்துலயா?"

சிவசண்முகம் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"கறிவேப்பிலை நல்லா இருக்கு. நீங்கதான் வாடிப்போய்க் கிடக்கீங்க. என்னத்துக்கு இப்படி அடம் பிடிக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தண்ணி குடிச்சா அசன் கடையில உக்கார முடியாது."

கீழ ரத வீதியில் அசன் முகம்மதுவின் ஜவுளிக் கடையில்தான் அவருடைய ஒவ்வொரு சாயங்காலமும் கழியும். இரண்டு பேரும் எதைப் பற்றியாவது வாதாடிக்கொண்டே இருப்பார்கள்.

"பாதிப் பேச்சுல எந்திரிச்சு பஸ் ஸ்டாப் பக்கம் கட்டணக் கக்கூசுக்கு ஓடணும். நான் திரும்பி வாரதுக்குள்ள அவன் ஜெயிச்ச மாதிரி வேற பேச்சுக்குப் போயிருதான். அதுக்குத் தண்ணியே வேண்டாம்."

அன்னத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். இதைக் கேட்டபின் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு, அசன் முகம்மதுவின் மனைவி ஹமீது பீவியைப் பார்க்கப் போனாள். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு கல்யாணத்துக்காக அவர்கள் கடையில் சேலை எடுக்கப் போன நாளிலிருந்து சிநேகம்.

கேட்டு முடித்த ஹமீது பீவி புரையேறச் சிரித்தாள்.

"இதுக்கா மதினி இவ்வளவு? கடைக்குப் பொறத்தால குடோன் இருக்கு, அதுல கக்கூஸ் இருக்கு. எங்க ஊட்டு ஆளு சொல்லலையா?"

"இவரு கேக்கலையாம்."

"கேட்டாத்தான் சொல்லுவாகளாம், சொன்னாத்தான் கேப்பாகளாம். நல்ல சிநேகிதம். இன்னிக்கே அந்தக் கதவைத் தொறந்து போடச் சொல்லுதேன்."

"தொறந்து போட்டாலும் குடிக்க மாட்டாரு பீவி. தண்ணின்னாலே மருந்தைப் பாத்த மாதிரி முழிக்காரு. வாக்குக் கொடுத்துட்டாராம் தனக்குத்தானே."

"குடிக்க மாட்டேன்னுதான சொல்லுதாரு? திங்க மாட்டேன்னு சொன்னாரா?"

"அதுல ஒரு நாளும் குறை வச்சதில்லை."

"அப்பொறம் என்ன மதினி. தண்ணியத் தட்டுல வைங்க."

ஹமீது பீவி ஒரு வெள்ளரிக்காயை எடுத்து அரியத் தொடங்கினாள்.

"நோன்பு வச்சவளுக்குத்தான் தெரியும், தண்ணி எங்கெங்க ஒளிஞ்சு கிடக்குன்னு. விடியறதுக்கு முன்ன ஸஹருக்கு எந்திரிச்சு சொம்பு சொம்பா குடிச்சாலும் வெயிலு ஏறுறதுக்குள்ள போயிரும். அதையே வெள்ளரிக்கா, சொரக்கா, தயிருன்னு தின்னு வச்சுப்பாருங்க, சாயங்காலம் வரைக்கும் மெல்ல மெல்ல உள்ள எறங்கும். ஊறுகா, வத்தல் பக்கம் மட்டும் போயிரக்கூடாது. அதுங்க உள்ள கிடக்கிறதையும் உறிஞ்சிரும்."

அன்னத்தாய் அரிந்த வெள்ளரியில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். வழியில் சந்தித்த ஒருவரிடமும் நின்று பேசவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் முறுகல் தோசைக்குப் பதிலாகப் பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து, சின்ன வெங்காயத்தோடு வைத்தாள். பதினோரு மணி வாக்கில் வெள்ளரிப் பிஞ்சு. மத்தியானம் வெள்ளைப்பூசணியான தடியங்காய்க் கூட்டு, தேங்காய்ப்பால் தாராளமாக விட்ட சொதி. வெயில் தாழ்ந்ததும் நுங்கு. ராத்திரி உளுந்தங்கஞ்சி. அடுத்த நாள் சுரைக்காய், அதற்கடுத்த நாள் புடலங்காய், இடையில் பதநீர்க்காரன் தெருவில் குரல் கொடுத்தால் அதுவும்.

"பதநீர் குடிக்கறதுதான?" என்று சந்தேகமாகக் கேட்டார் அவர்.

"அது பலகாரத்துல சேத்தி."

"அப்பச் சரி."

ஊறுகாய் ஜாடியையும் வத்தல் டப்பாவையும் அடுக்களை மேல்தட்டில், பழைய குக்கருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

"என்னட்டி அன்னம், நாலு நாளா ஒரு வத்தலைக் காணோம்?"

"பூனை தள்ளிட்டு."

"ஊறுகாயையும் பூனையா தின்னுச்சு?"

"அது பூசணம் பூத்துப் போச்சு."

"இந்த வெயில்லயா பூக்கும்?"

"சித்திரையில பனி பெய்யும்போது ஊறுகாய் பூக்காதா?"

அவர் தட்டில் மிச்சமிருந்த சொதியை விரலால் வழித்தார்.

ஒரு நாள் ஹமீது பீவி ஒரு தூக்கில் கடல்பாசி கொடுத்துவிட்டாள். இளநீரில் காய்ச்சி, ஆறவிட்டு, துண்டு போட்டது. கண்ணாடி மாதிரி தட்டில் நடுங்கியது.

"இது என்னது?"

"கடல்பாசி. பீவி செஞ்சது."

"கடல்லேருந்து வந்ததா?"

"ஆமா."

சைவக் குடும்பத்தில் பிறந்த சிவசண்முகம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீந்துமா?"

"கடலுக்குள்ள மொளைக்கிற கீரை மாதிரிங்க. அதைக் காய்ச்சி எடுக்கறது."

மனைவி சொல்வது போதாதென்று போனை எடுத்து அசன் முகம்மதுவைக் கூப்பிட்டார்.

"வே அசன், உங்க வீட்டுலேருந்து ஒண்ணு வந்திருக்கு. இதுக்குக் கண்ணு மூக்கு உண்டா வே?"

"உமக்கு இருக்கற மூளை அளவுக்குக்கூட அதுக்கு ஒண்ணும் கிடையாது வே. சுத்த சைவம். பேசாமத் தின்னும். வேண்டாம்னா இங்கன குடுத்து அனுப்பும்."

கொடுத்து அனுப்பும் நிலையில் அது இல்லை. பேச்சு முடிவதற்குள் தட்டில் பாதி காலியாகியிருந்தது.

அன்னத்தாய்க்கு இப்போது நாள் முழுக்க அடுக்களையில் வேலை. துருவ, பிழிய, அரிய, ஆற்ற. அவர் சாப்பிட்டு எழுந்து கட்டிலில் சாய்ந்த பிறகு, எப்போதும்போலத் தன் தட்டோடு அடுக்களையில் உட்காருவாள். கூட்டுப் பாத்திரம் வழித்து வைத்ததுபோல் இருக்கும். சொதியின் அடியில் ஒரு முருங்கைக்காய் கிடக்கும். ஆறிப்போன சோறு இருக்கும். இவ்வளவு நல்ல எலுமிச்சை ஊறுகாயை வீணாக்குவானேன் என்று குக்கருக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுப்பாள். இரண்டு மோர்மிளகாயும் பொரித்துக்கொள்வாள். தண்ணீரை அப்புறம் குடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பாள். அதற்குள் நுங்கு வெட்ட நேரமாகிவிடும். சாயங்காலம் ஆனால் தலை கனத்தது. கத்திரி வெயில், யாருக்குத்தான் தலை கனக்காது என்று நெற்றியில் தைலம் தடவிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழிந்து, மறுபடி கிளினிக். மகேஷ் போனில் காத்திருந்தான்.

"நாக்கை நீட்டுங்க ஐயா. ஈரமா இருக்கு. பிரஷரும் நல்லா இருக்கு, நிக்க வச்சுப் பாத்தாலும் இறங்கலை." டாக்டர் விஜயஸ்ரீ நிமிர்ந்தாள். "தண்ணி ஒழுங்கா குடிக்கீங்க போலிருக்கே."

"ஒரு சொட்டுக் குடிக்கலை" என்றார் சிவசண்முகம் பெருமையாக.

"எல்லாம் தின்னாரும்மா" என்றாள் அன்னத்தாய். "தடியங்காயாத் தின்னாரு, வெள்ளரிக்காயாத் தின்னாரு. என் மகன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க, புனேவுக்குப் போக வேண்டாம்னு. இந்தாங்க போனு."

போனை நீட்ட அவள் சட்டென்று எழுந்தாள். எழுந்ததும் அறை ஒரு பக்கமாகச் சரிந்தது. போன் தரையில் விழுந்தது. சிவசண்முகம் அவள் தோளைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார்த்தினார்.

"எம்மா? என்னம்மா சத்தம்?" என்றது தரையில் கிடந்த போன்.

டாக்டர் அவள் நாடியைப் பார்த்தாள். இமையை விலக்கிப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு நர்சைக் கூப்பிட்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொன்னாள்.

"அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாந்தான்."

"எல்லாம்னா?"

அன்னத்தாய் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். டாக்டர் சிவசண்முகத்திடம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. அம்மா நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"நேத்து சொதி."

"அது நீங்க சாப்பிட்டது."

"கூட தடியங்காய் கூட்டு வச்சா."

"அதுவும் உங்க தட்டுல. அம்மா தட்டுல என்ன இருந்துச்சு?"

சிவசண்முகம் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதில் அது எழுதியிருக்கவில்லை.

"அவ நான் எந்திரிச்ச பிறகு சாப்பிடுவா. என்னன்னு தெரியலைம்மா. நான் பாத்ததில்லை."

"எப்பவுமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

அன்னத்தாய் மெல்லச் சொன்னாள். "ஊறுகாயும் மோர்மிளகாயுந்தான். அவருக்கு ஆகாதுன்னு எடுத்து வச்சது வீணாப் போயிருமேன்னு."

"எட்டி," என்றார் அவர், "பூனைன்னு சொன்னியே."

யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அன்னத்தாயே சிரித்துவிட்டாள். அதைக் கேட்டு டாக்டரும் சிரித்தாள். நர்ஸ் கொண்டுவந்த டம்ளரை வாங்கி அன்னத்தாயிடம் கொடுத்தது சிவசண்முகம். அவள் குடித்து முடிக்கும்வரை டம்ளரின் அடியிலேயே அவர் கண் இருந்தது.

மகேஷ் சிரிக்கவில்லை. "அப்பா சரியானா அம்மா விழுதாங்க. இது சரிப்படாது. சனிக்கிழமை வாரேன். துணிமணியெல்லாம் எடுத்து வைங்க."

"அன்னிக்கு வரைக்கும் டயம் இருக்குல்லா?" என்று கேட்டார் சிவசண்முகம்.

"எதுக்குப்பா டயம்?"

"இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப வை போனை."

வீட்டுக்கு வந்த ஹமீது பீவி, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் சொன்னது ஒரு வயித்துக்கா மதினி? அண்ணாச்சியை ஊறவச்சு நீங்க காஞ்சு போயிருக்கீய. எங்க ஊட்டு விசேசத்துல நாலு பேரு ஒரே பெரிய சகன் தட்டுல கை போட்டு உக்காருவோம். யாரு கை நின்னுபோச்சுன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சிரும். நீங்க அடுக்களைக்குள்ள போயி ஒளிஞ்சு தின்னா எந்த டாக்டரு வந்து பாப்பாரு?"

"ஒளிஞ்சு திங்கலை பீவி. வழக்கம்."

"வழக்கத்துக்கு வேர்க்குமா, தலை சுத்துமா? உங்களுக்குத்தான் சுத்துது."

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் கிடந்தன. போட்டவர் சிவசண்முகம். தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடியதில் ஒரு பித்தளைக் கிண்ணமும் உருண்டிருந்தது.

"யாராவது வாராங்களா?" என்றாள் அன்னத்தாய்.

"நீ வாரே. உக்காரு."

"நான் உக்காந்தா யாரு பரிமாறுவா?"

"சட்டியெல்லாம் நடுவுல வை. கை இருக்குல்லா எனக்கு."

"நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா..."

"நீ கை வச்சாத்தான் நான் வைப்பேன். பசிக்கு எனக்கு. சீக்கிரம்."

அவள் நாற்காலியின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளும் தயாரிப்போடு உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. அவர் பார்க்கிறார் என்று சின்னச் சின்னக் கவளமாக எடுத்தாள். அவர் கரண்டியால் கூட்டை அள்ளி அவள் தட்டில் போட்டார். பாதி மேசையில் விழுந்தது.

"போதும்ங்க."

"போதும்னு நான் சொல்லணும். நீ எனக்குப் போட்டப்ப போதும்னு விட்டியா?"

மூன்றாம் நாள் கூச்சம் போய்விட்டது. கூச்சம் போன இடத்தில் பேச்சு வந்தது. பால்காரர் மகள் கல்யாணம், பூக்காரியின் மாமியார், எதிர்வீட்டு மோட்டார் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு சேதி சொன்னாள். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து கேட்டால் சோறு இவ்வளவு இறங்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது, தெருவில் இவ்வளவு நடக்கிறது என்று.

அன்று அசன் முகம்மதுவிடமிருந்து போன் வந்தது.

"என்ன வே, ரெண்டு நாளா ஆளையே காணோம்? குடோன் கதவை உமக்காகத் தொறந்து போட்டுக் காத்துக்கிட்டிருக்கேன்."

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன் வே."

"மூணு மணிக்கா?"

"இவ பேசிக்கிட்டே சாப்பிடுதா. நேரம் ஆகுது. எதிர்வீட்டு மோட்டார் கதை பாதியில நிக்கு."

"அதுல என்ன வே கதை?"

"சாயங்காலம் வந்து சொல்லுதேன்."

"எதிர்வாதம் உண்டா அதுல?"

"ஏகப்பட்டது."

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் இரண்டு பேரும் போய்வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், வாசலில் ஆட்டோ நின்றது. மகேஷ் ஒரு பெரிய காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கதவு திறந்துதான் கிடந்தது. மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கையில் கவளத்தோடு, உண்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் தேறிட்டாங்க, சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ப் பாருங்கன்னு டாக்டர் போன்ல சொன்னாங்க" என்றான் மகேஷ். "எதுக்குன்னு அப்பப் புரியலை."

"வாய்யா" என்று எழுந்தாள் அன்னத்தாய். "கையக் கழுவு, நான் போடுதேன்."

"நீ உக்காரு" என்றார் சிவசண்முகம். "அவன் போட்டுக்கிடுவான். லேய், தட்டு வலது பக்க அலமாரியில இருக்கு. எனக்குத் தெரியும், நான்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்."

மகேஷ் தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தான். வெள்ளரிப் பச்சடியை அள்ளிக்கொண்டான். அம்மாவின் தட்டை ஒருமுறை பார்த்தான். சோறு, அதைவிட அதிகமாகக் கூட்டு, ஒரு கிண்ணம் நிறைய மோர். ஊறுகாய் இல்லை. அம்மாவின் முகம் அவன் பயந்து வந்த மாதிரி வாடியிருக்கவில்லை. பூக்காரியின் மாமியார் கதை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. அவனும் நடுவே இரண்டு கேள்வி கேட்டான். மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது சொன்னான்.

"திரும்பிப் போறதுக்கு மூணு டிக்கெட் எடுத்திருந்தேன். ரெண்டை ரத்து பண்ணிருதேன்."

அன்னத்தாயின் கை தட்டிலேயே நின்றது.

"ஆனா ஒண்ணு. தினம் இந்த நேரத்துக்கு வீடியோல கூப்பிடுவேன். ரெண்டு தட்டும் மேசையில தெரியணும்."

"கூப்பிடு" என்றாள் அன்னத்தாய். "ஆனா நான் பேசி முடிக்கறது வரைக்கும் நீ வைக்கப்படாது."

"அவன் வேலையை விட்டுட்டுத்தான் கேக்கணும்" என்றார் சிவசண்முகம். தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "எட்டி, இன்னும் ரெண்டு கரண்டி சொதி ஊத்து."

"கரண்டி உங்க பக்கந்தான் கிடக்கு" என்றாள் அவள். "நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."